ஐ7 என்று சொன்னால் போதாது: பழைய லேப்டாப் பிராசஸரை விலையோடு ஒப்பிட்டு வாங்குவது எப்படி

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கடைக்குள் நுழைந்ததும் காதில் விழுவது "ஐ7 இருக்கு தம்பி, பாக்குறியா?" என்பதுதான். அடுத்த பேச்சு விலை. அந்த ஐ7 எந்த வருஷத்து ஐ7, உள்ளே எத்தனை கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), எத்தனை வாட் என்பதெல்லாம் நாம் கேட்டால்தான் வரும், பல கடையில் கேட்டாலும் வராது. வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டைப் பக்கம் பிள்ளை காலேஜ் சேர்ந்ததும் சீட்டுப் பணத்தை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ லேப்டாப் வாங்கிக் கொடுக்கும் வீடுகள் நிறைய. அந்தப் பணத்துக்கு நாலைந்து வருஷம் உழைக்கிற மெஷின் வர வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டெல் கம்பெனி தன் பிராசஸர்களுக்கு வைக்கும் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். தலைமுறை எது, கோர் எத்தனை, கடைசியில் நிற்கும் எழுத்து என்ன, இந்த மூன்றையும் பார்த்துக் கொடுங்கள். இன்டெல்லில் 7வது ஜென்னுக்கும் (ஜென் என்றால் தலைமுறை) 8வது ஜென்னுக்கும் நடுவே ஒரு பெரிய தாவல் இருக்கிறது. 8-ல் இருக்கும் சாதாரண ஐ5, 7-ல் இருக்கும் ஐ7-ஐவிட நல்ல சரக்கு. ஆனால் கடையில் பல நேரம் அந்த ஐ7-க்குத்தான் கூட விலை சொல்வார்கள்.

நம்பரைப் படிக்கும் முறை

ஐ5-7300யு என்று ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். கோட்டுக்குப் பிறகு நான்கு இலக்கம், அதில் முதல் இலக்கம் தலைமுறை, அதாவது இது 7வது ஜென். ஐந்து இலக்கம் வந்தால், உதாரணமாக ஐ5-10210யு, முதல் இரண்டும் சேர்ந்து தலைமுறை, இது 10வது ஜென். குழப்பம் வருவது ஐ5-1035ஜி1, ஐ5-1135ஜி7 மாதிரி நம்பர்களில். நாலு இலக்கம்தானே, அப்போ 1வது ஜென்னா என்று பயந்துவிடாதீர்கள், இவையும் முதல் இரண்டு இலக்கம்தான்: ஒன்று 10வது, இன்னொன்று 11வது. ஜி-க்குப் பக்கத்தில் இருக்கும் எண் உள்ளே இருக்கும் கிராபிக்ஸின் தரம், பெரிய எண் என்றால் பெரிய கிராபிக்ஸ்.

கடைசி எழுத்து வேகத்தையும் சூட்டையும் தீர்மானிக்கிறது. எம் என்றால் பழைய தடி லேப்டாப்பில் வந்த 35 வாட் வகை. யு என்றால் 15 வாட், இன்று செகண்ட்ஸில் கிடைப்பதில் பெரும்பகுதி இதுதான். எச்க்யூ, எச் என்று முடிந்தால் 45 வாட், வேகமானது, ஆனால் பேட்டரியைக் குடிக்கும், ஃபேன் சத்தம் போடும். ஒய் என்று வந்தால் ஜாக்கிரதை. 5 வாட்டை ஒட்டி ஓடுகிற, ஃபேனே இல்லாத மெல்லிய மெஷினுக்காகச் செய்தது அது, ஐ5-7ஒய்54 என்று இருக்கும், ஐ5 ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும், ஆனால் கொஞ்ச நேரம் வேலை கொடுத்தால் மூச்சு வாங்கும். நடுவில் ஒய் நுழைந்திருப்பதைக் கவனிக்காமல் வாங்கினால் ஐ5 விலைக்கு அதற்குக் கீழே இருக்கும் சரக்கைத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

ஸ்டிக்கரை நம்பவே நம்பாதீர்கள். ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கிறது, பாடி மாற்றிய மெஷின்களும் இருக்கின்றன. விண்டோஸ் ஏறியதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வை அழுத்தினால் வலது மேல் மூலையில் முழு நம்பரும் இருக்கும், கீழே கோர் எத்தனை, லாஜிக்கல் பிராசஸர் எத்தனை, பேஸ் ஸ்பீடு (அடிப்படை வேகம்) எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கும். பத்து வினாடி வேலை. இதைக் காட்டத் தயங்குகிற கடையில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு விஷயம். மாடல் பெயரை வைத்தும் தலைமுறையை முடிவு பண்ணிவிட முடியாது. லெனோவா திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490 இரண்டையும் "எய்த் ஜென் மெஷின்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலும் அது உண்மையும்கூட, ஆனால் அதே பாடியில் 7வது ஜென் ஐ5-7300யு போட்ட மெஷினும் கம்பெனிகளுக்குப் போயிருக்கிறது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே கோர் பாதி.

7-க்கும் 8-க்கும் நடுவே என்ன நடந்தது

2011-ல் வந்தது 2வது ஜென், 2012-ல் 3வது, 2013-ல் 4வது, 2015-ல் 5வதும் 6வதும், 2016-ல் 7வது. இந்த ஆறு தலைமுறையிலும் சாதாரண லேப்டாப் ஐ5 என்றால் இரண்டு கோர், நான்கு த்ரெட் (டாஸ்க் மேனேஜரில் லாஜிக்கல் பிராசஸர் என்று வருவது), அவ்வளவுதான். யு வகையில் ஐ7-ம் அப்படித்தான். ஐ7-7500யு என்ற பெயரைக் கேட்டால் பெரிதாகத் தோன்றும், உள்ளே பார்த்தால் ஐ5-7200யு-வின் அதே இரண்டு கோர்தான், வேகம் 3.1-க்குப் பதில் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி) 3 எம்பி-க்குப் பதில் 4 எம்பி. இதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

வருஷா வருஷம் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. அந்தக் காலத்து முன்னேற்றத்தில் பெரும்பங்கு மின்சாரத்தைக் குறைப்பதற்கே போனது. 3வது ஜென் ஐ5-3320எம்-ஐயும் 5வது ஜென் ஐ5-5300யு-வையும் பக்கத்தில் வைத்தால் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, ஆனால் முதலாவது 35 வாட், இரண்டாவது 15 வாட். அதாவது 5வதற்குக் கூடக் கொடுக்கும் காசு வேகத்துக்குப் போகவில்லை, பேட்டரி நேரத்துக்கும் எடைக்கும் போகிறது. வீட்டில் மேஜை மேல் வைத்து பிளக்கிலேயே ஓட்டப் போகிறவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை, தினமும் ட்ரெயினில் பையில் சுமக்கிற பிள்ளைக்கு லாபம் உண்டு.

2017 ஆகஸ்டில் 8வது ஜென் வந்தது. இன்டெல்லின் போட்டிக் கம்பெனி ஏஎம்டி-யின் ரைசன் பிராசஸர் சந்தைக்கு வந்ததும் அதே வருஷம்தான். ஐ5-8250யு என்ற பிராசஸரில் அதே 15 வாட்டுக்குள் நான்கு கோர், எட்டு த்ரெட் கொடுத்தார்கள். ஒரே தலைமுறையில் கோர் இரட்டிப்பு. பாஸ்மார்க் என்ற பொதுச் சோதனையில் ஐ5-7200யு மூவாயிரத்துச் சொச்சம் எடுக்கும், ஐ5-8250யு ஆறாயிரத்தை ஒட்டி எடுக்கும். அதற்கு முந்தைய ஆறு தலைமுறையில் நடக்காத ஒன்று இது.

ஆனால் இந்த எண்ணையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. எட்டு த்ரெட்டும் ஒன்றாக உழைக்கும்போது வரும் மதிப்பெண் அது. ஒரே ஒரு வேர்டு ஃபைலைத் திறக்கிறீர்கள், ஒரே ஒரு வெப்சைட் பார்க்கிறீர்கள் என்றால் 7300யு-வுக்கும் 8250யு-வுக்கும் வித்தியாசம் தெரியாது, காரணம் ஒற்றைக் கோரின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எப்போது தெரியும் என்றால், ஜூம் கிளாஸ் ஓடிக்கொண்டிருக்க, க்ரோமில் பதினைந்து டேப் திறந்திருக்க, பின்னால் விண்டோஸ் அப்டேட் இறங்க, ஆன்டிவைரஸ் ஸ்கேன் பண்ண ஆரம்பிக்கும்போதுதான். அந்த நேரத்தில் இரண்டு கோர் மெஷினில் வாத்தியார் குரல் விட்டு விட்டு வரும், நான்கு கோர் மெஷின் தாக்குப்பிடிக்கும். பிள்ளைகள் லேப்டாப்பை உபயோகிப்பது இப்படித்தானே, ஒரு வேலையை மட்டும் திறந்து வைத்து யாரும் உட்காருவதில்லை.

8 என்று ஆரம்பித்தால் எல்லாமே நான்கு கோர் என்று நினைக்கவும் வேண்டாம். ஐ3-8130யு, ஐ3-8145யு இரண்டும் இரண்டு கோர்தான். மோசம் என்று சொல்ல மாட்டேன், முந்தைய ஐ3-7100யு-வில் டர்போவே (தேவைப்படும்போது வேகத்தைத் தானாகக் கூட்டிக்கொள்வது) கிடையாது, 2.4-லேயே நின்றுவிடும், 8130யு 3.4 வரை போகும், அதனால் இது கிட்டத்தட்ட 7வது ஜென் ஐ5-க்குச் சமமாக நிற்கும். அந்த விலைக்குக் கிடைத்தால் சரி. 10வதில் ஐ3-1005ஜி1, ஐ3-10110யு, 11வதில் ஐ3-1115ஜி4, இவையும் இரண்டு கோர் நான்கு த்ரெட்தான். ஒவ்வொரு கோரும் வேகமானது என்பதால் கடைசியாகச் சொன்னது மொத்த மதிப்பெண்ணில் 8250யு-வுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும்.

பழையதில் விதிவிலக்கும் உண்டு. 3வது ஜென் ஐ7-3630க்யூஎம், 6வது ஜென் ஐ7-6700எச்க்யூ எல்லாம் அப்போதே நான்கு கோர் எட்டு த்ரெட். 6700எச்க்யூ இன்றும் 8250யு-வுக்குச் சளைக்காது. குறை என்னவென்றால் 45 வாட், பெரிய அடாப்டர், ஒன்றரை மணி நேரத்தில் கையை விரிக்கும் பேட்டரி. போட்டோ ஸ்டூடியோவில் ஒரே இடத்தில் வைத்து ஆல்பம் டிசைன் பண்ணுகிறவர் தாராளமாக எடுக்கலாம்.

பழைய ரிவ்யூக்களில் இருக்கும் வேக எண்களைத் தேடிப் படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. அதை அடைக்கப் போட்ட அப்டேட்டுகளால் பிராசஸர் வேகம் கொஞ்சம் குறைந்தது, 4வது ஜென்னும் அதற்கு முந்தையவையும் கூடுதலாக அடி வாங்கும் என்று மைக்ரோசாஃப்ட்டே அப்போது சொன்னது. அதனால் 2013-ல் எழுதிய ரிவ்யூவின் எண்ணை இன்று நம்பக் கூடாது, சமீபத்திய சோதனை எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஏஎம்டி பக்கம்

ஏ4, ஏ6, ஏ9, இ2 என்று வரும் பழைய ஏஎம்டி லேப்டாப்களை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். ரைசன் வந்த பிறகுதான் ஏஎம்டி லேப்டாப் எடுக்கிற மாதிரி ஆனது. ரைசன் 5 2500யு, 3500யு இரண்டும் நான்கு கோர் எட்டு த்ரெட், வேகா 8 கிராபிக்ஸ், விளையாட்டுக்கு அந்தக் காலத்து இன்டெல்லைவிட நன்றாகவே ஓடும். 2020-ல் வந்த 4500யு ஆறு கோர், இது 8250யு-வைத் தூரத்தில் விட்டுவிடும், நல்ல விலைக்குக் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுக்கலாம் என்பது என் கருத்து. ரைசன் 3 3200யு, 3250யு இரண்டு கோர்தான், ரைசன் என்ற பெயருக்காக வாங்காதீர்கள்.

ஏஎம்டி-யில் நம்பரின் முதல் இலக்கம் உண்மையைச் சொல்லாது. 5500யு-வும் 5600யு-வும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும், ஆனால் 5500யு உள்ளே இருப்பது "ஜென் 2" (Zen 2) என்ற பழைய டிசைன், 5600யு-வில் புதிய "ஜென் 3" (இது ஏஎம்டி வைத்த டிசைன் பெயர், தலைமுறை என்ற ஜென் இல்லை). ரைசன் 5 7520யு என்று கேட்டால் புத்தம் புதிது போல இருக்கும், அதுவும் ஜென் 2-தான், நான்கு கோர்தான், பழைய 4500யு-வின் ஆறு கோர் அதில் இல்லை.

ரைசன் எடுத்தால் ரேம் ஒரே குச்சியாக இருக்கிறதா இரண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும், ஒற்றைக் குச்சியில் ஓடினால் விளையாட்டில் வேகம் கண்கூடாகக் குறையும். 11வது ஜென் ஐ5-ன் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸுக்கும் இதே கதைதான்.

விலையை எப்படி வகுப்பது

பாஸ்மார்க் மதிப்பெண்ணை விலையால் வகுத்தால் ஆயிரம் ரூபாய்க்கு எவ்வளவு வேகம் வருகிறது என்று தெரிந்துவிடும். ஒரு கடையில் ஐ7-7500யு 16,000, பக்கத்துக் கடையில் ஐ5-8250யு 18,000 சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதுக்கு 3,600 மதிப்பெண் என்று போட்டால் ஆயிரத்துக்கு 225. இரண்டாவதுக்கு 6,000 என்று போட்டால் ஆயிரத்துக்கு 333. இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் 8250யு-தான் மலிவு.

ஆனால் இதே கணக்கு உங்களை ஏமாற்றவும் செய்யும். 2வது ஜென் ஐ5-2520எம் மெஷின் ஒன்று 5,000-க்கு வருகிறது, மதிப்பெண் 2,300 என்று வைத்தால் ஆயிரத்துக்கு 460, அடேயப்பா என்று தோன்றும். இப்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹார்டு டிஸ்க் இருக்கும், அதை எஸ்எஸ்டி ஆக்க வேண்டும், 1,800 வையுங்கள். 4 ஜிபி ரேமை 8 ஆக்க 1,200. பேட்டரி செத்துப் போயிருக்கும், 2,000. மொத்தம் 10,000. இப்போது ஆயிரத்துக்கு 230-தான். அதோடு நீங்கள் போட்ட டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம் அடுத்த மெஷினுக்கு உதவாது. 6வது ஜென்னிலிருந்து டிடிஆர்4 வர ஆரம்பித்தது, அதில் போடும் காசு கூடவே வரும், நாளைக்கு வேறு பழைய லேப்டாப் மாற்றினாலும் கழற்றிப் போடலாம். நான் சொன்ன விலையெல்லாம் கணக்கு புரிவதற்காக வைத்தவை, அன்றைக்குக் கடையில் கேட்ட விலையைப் போட்டு நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் விலையோடு எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி, அடாப்டர் எல்லாம் சேர்த்த மொத்தத்தால்தான் வகுக்க வேண்டும், இதை மறக்கவே கூடாது.

கணக்கில் வராத இன்னொரு செலவு விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டும் என்றால் இன்டெல்லில் பொதுவாக 8வது ஜென்னும் அதற்கு மேலும்தான். ரைசனில் 3500யு பட்டியலில் இருக்கிறது, அதே நான்கு கோர் கொண்ட 2500யு இல்லை. "லெவன் போட்டு ஓடுது பாருங்கண்ணா" என்று 6வது, 7வது ஜென்னில் காட்டுவார்கள். ஓடும், உண்மைதான், சோதனையைத் தாண்டி ஏற்றிவிட வழி இருக்கிறது, ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. 8-க்குக் கூடக் கொடுக்கும் காசில் இந்த நிம்மதியும் அடக்கம்.

அதற்காக விண்டோஸ் 11 ஏறும் என்பதையே தரச்சான்றாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். செலரான் என்4020 அந்தப் பட்டியலில் இருக்கிறது, புதுசாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, வாரண்டியோடு வருகிறது. ஆனால் இரண்டு கோர், இரண்டு த்ரெட், 6 வாட். பத்து வருஷத்துக்கு முந்தைய 6வது ஜென் ஐ5 அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். பளபளவென்று பெட்டியில் வருகிறது என்பதற்காகக் கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் செலரானில் போடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது.

உங்கள் வேலை என்ன

எம்.சி. ரோட்டில் துணிக்கடைக்கு டேலி போடுகிறவர், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற பிரவுசிங் சென்டர்காரர், இவர்களுக்கு 6வது, 7வது ஜென் ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போதும் என்று வேகத்தை மட்டும் வைத்துச் சொல்லலாம். பிரவுசிங் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் ஏற்றிக்கொண்டால் அப்டேட் கவலையும் தீர்ந்தது. ஆனால் அப்டேட்டை விட முடியாது என்பதால், டேலி, பேங்க், ஜிஎஸ்டி என்று விண்டோஸிலேயே பணத்தைக் கையாளுகிறவர்கள் 8-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

பிசிஏ, இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குப் பைத்தான், ஜாவா, சி எல்லாம் எதிலும் ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்று வந்துவிட்டால் நான்கு கோரும் 16 ஜிபி ரேமும் இல்லாமல் நிம்மதி கிடையாது. பாலிடெக்னிக்கில் ஆட்டோகேட் 2டி போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு, அந்த சாஃப்ட்வேர் பெரும்பாலும் ஒரே கோரில்தான் உழைக்கும், அதனால் கோர் எண்ணிக்கையைவிட டர்போ வேகத்தைப் பாருங்கள். 8250யு-வின் 3.4-ஐவிட 8365யு-வின் 4.1 அவர்களுக்கு உதவும்.

யூடியூப் பாடம்தான் அதிகம் என்றால் 7வது ஜென்னுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. விபி9, 10 பிட் எச்இவிசி என்ற வகைகளில் சுருக்கிய வீடியோக்களை முழுதாக ஹார்டுவேரிலேயே விரிக்கிற வசதி இன்டெல்லில் அங்கேதான் வந்தது. 4வது ஜென் மெஷினில் அதே வீடியோவைக் கோர்களே உட்கார்ந்து விரிக்க வேண்டும், ஃபேன் அலறும், பேட்டரி இறங்கும். ஏவி1 என்ற புதிய வகைக்கு 11வது ஜென் வேண்டும்.

2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின் பல வீட்டில் இன்னும் பீரோ மேல் இருக்கும். பெரும்பாலும் அடிப்படை பிராசஸர்தான். எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றித் தம்பி தங்கைக்கு டைப்பிங் பழகக் கொடுக்கலாம், அதற்கு மேல் அதில் காசு போடாதீர்கள்.

கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். பெரம்பூர், மூலக்கடைப் பக்கமே சின்னக் கடைகளும் உண்டு, கிட்டத்தில் இருந்தால் திரும்பப் போய்க் கேட்க வசதி. எங்கே போனாலும் ஒரு பென்டிரைவில் 7-ஸிப் சாஃப்ட்வேரை எடுத்துக்கொண்டு போங்கள். இலவசம், சின்னது, அதற்குள்ளேயே டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் இருக்கிறது.

அடாப்டரை மாட்டச் சொல்லுங்கள். 7-ஸிப் பெஞ்ச்மார்க்கை ஓடவிட்டு, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஐ5-8250யு என்றால் ஆரம்பத்தில் வேகம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறும், அரை நிமிஷத்தில் 2.5-க்குப் பக்கமோ 2-க்குப் பக்கமோ இறங்கி நிற்கும். இது சகஜம், 15 வாட் எல்லைக்குள் நான்கு கோரும் உழைத்தால் அப்படித்தான் நிற்கும். பத்து நிமிஷம் விடுங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடுங்கள். எழுதியிருக்கிற பேஸ் ஸ்பீடான 1.6-க்கும் கீழே போய் 1.2, 0.8 என்று தடுமாறினால் சூடு வெளியே போகவில்லை, இல்லையென்றால் அடாப்டரில் கோளாறு. டெல் லேப்டாப்கள் தங்களுக்குத் தெரியாத அடாப்டரை மாட்டினால் பிராசஸரை வேண்டுமென்றே மெதுவாக்கிவிடும், அதனால் வேறு அடாப்டரை மாட்டியும் ஒரு தடவை பாருங்கள்.

பக்கவாட்டு வென்ட்டில் கையை வையுங்கள். சூடான காற்று வேகமாக அடித்தால் நல்லது. பாடி கொதிக்கிறது, வென்ட்டில் காற்றே வரவில்லை என்றால் உள்ளே அடைப்பு. நம் பக்கத்தில் ஓடிய மெஷின் என்றால் கேட்கவே வேண்டாம், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி, மணலிப் பக்கத்துத் தூசி, காசிமேடு ராயபுரத்தில் உப்புக் காற்று. பின் மூடியைத் திறந்து ஃபேனைக் கழற்றினால், ஃபேனுக்கும் செம்பு கிரில்லுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு பட்டை அப்படியே உரிந்து வரும். அதை எடுத்துவிட்டு, பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தப் பூசி, காய்ந்து பொடியாகிப் போன பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்தாலே விழுந்த வேகம் திரும்பிவிடும். சின்னச் செலவுதான், அதனால் பிராசஸர் நல்லதாக இருந்து சூடு மட்டும் பிரச்சினை என்றால் மெஷினைத் தள்ளிவிடாதீர்கள், விலையைக் குறைக்கச் சொல்லி, கிளீன் பண்ணிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். "பேஸ்ட் மாத்தி, என் கண்ணு முன்னாடி இன்னொரு வாட்டி ஓட்டிக் காட்டுங்கண்ணா" என்றால் நல்ல கடைக்காரர் கட்டாயம் செய்வார். போர்டில் ஸ்க்ரூ ஓரமெல்லாம் பச்சையாக, வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு வேலை, அந்த மெஷின் வேண்டாம்.

பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் செட்டிங் பக்கம்) போய்ப் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். கம்பெனி லீஸில் ஓடி வந்த மெஷின்களில் பழைய கம்பெனியின் பூட்டு அப்படியே இருக்கும், பிறகு நாம் திறக்க முடியாது. ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, போர்டிலேயே ஒட்டியதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள், 8 ஜிபி-யில் ஒட்டிவிட்ட மெஷின் 8 ஜிபி-யிலேயேதான் கடைசிவரை இருக்கும்.

கடையில் ஏசி ஓடும். உள்ளே 25 டிகிரியில் அழகாக ஓடிய லேப்டாப், மே மாதம் மத்தியானம் ஷீட் போட்ட வீட்டில் 37, 38 டிகிரியில் அப்படி ஓடாது, வெளிச்சூடு எவ்வளவு கூடுகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு பிராசஸருக்குள்ளும் கூடும், 100 டிகிரியைத் தொட்டால் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பில்லில் முழு பிராசஸர் நம்பரையும், ரேம், எஸ்எஸ்டி அளவையும், செக்கிங் வாரண்டி எத்தனை நாள் என்பதையும் எழுதி வாங்குங்கள். அந்த நாள் முடிவதற்குள் ஒரு மத்தியான வேளையில், வழக்கமாகப் பிள்ளை உட்கார்ந்து படிக்கிற அதே இடத்தில் வைத்து, அதே 7-ஸிப்பை இருபது நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். வேகம் பேஸ் ஸ்பீடுக்குக் கீழே போனால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு பில்லோடு கடைக்குப் போங்கள்.